மதினியும் பெயர்ப்பலகை மைனாவும்

“மைனா கூடு கட்டுனா கடை எரிஞ்சு போவுமாம். படிச்ச புள்ள சொல்லுது, எல்லாரும் கேட்டுக்கிடுங்க!”

தியாகராய நகரில் ஒரு ஜவுளிக்கடையின் தரைத்தளத்தில், ஆடித் தள்ளுபடிக் கூட்டத்துக்கு நடுவே, கடையின் சின்ன முதலாளி என்னைக் காட்டி இப்படிச் சொன்னார். புடவை மடித்துக்கொண்டிருந்த பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். நான் தலையில் மஞ்சள் தொப்பியும் கையில் டார்ச்சுமாக நின்றிருந்தேன். கட்டடங்களில் தீ ஆபத்து இருக்கிறதா என்று சோதித்து அறிக்கை தரும் ஒரு நிறுவனத்தில் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள், பட்டயம் வாங்கிய முதல் ஆள், கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்ட முதல் ஆள், எல்லாம் நான்தான். அதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. அன்றைக்கும் சிரிப்பு அடங்கும்வரை நேராகத்தான் நின்றேன்.

சிரிக்காத ஒருவர் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவரைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

அவருக்கு அழகான ஒரு பெயர் இருந்தது. யாரும் அதைச் சொல்லி அழைத்ததில்லை. சின்ன முதலாளிக்கு அவர் அண்ணன் மனைவி; அதனால் சின்ன முதலாளி ‘மதினி’ என்று கூப்பிட்டார். அதைக் கேட்டுத் தென்காசிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த பெண்கள் கூப்பிட்டார்கள். பிறகு டீ கொண்டுவருபவர், கூரியர்காரர், மின்வாரிய ஊழியர் என்று தெருவே கூப்பிட்டது. அவரைவிட மூத்த கிழவர்கள்கூட ‘மதினி, வணக்கம்’ என்றுதான் உள்ளே வருவார்கள். கணவர் இறந்தபின் கடையில் சரிபாதி அவருடையது. ஆனால் முதலாளி மாதிரி அவர் இருந்ததே இல்லை. விற்காமல் தங்கிப்போன புடவைகளையே உடுத்துவார். சாணிப் பச்சையில் ஊதா பார்டர், மங்கிய மஞ்சளில் சிமென்ட் நிறப் பூக்கள். கேட்டால், “இதுவும் ஒருத்தி ஒடம்புல ஏறணும்லா? அதை நெய்தவனும் மெனக்கெட்டுத்தானே நெய்திருக்கான்” என்பார்.

மதினியிடம் ஒரு குணம் இருந்தது. அவர் யாரையும் ‘எந்திரி’ என்று சொன்னதில்லை.

அதை நம்ப முடியாதவர்கள் அந்தக் கடையில் ஒரு பகல் இருந்திருந்தால் போதும். வாசல் படியில் ஒரு செவலை நாய் குறுக்கே படுத்திருக்கும். பட்டு எடுக்க வந்த சம்பந்தி வீட்டார் அதைத் தாண்டித்தான் வரவேண்டும். காவலாளி குச்சியை எடுத்தால் உள்ளேயிருந்து குரல் வரும்: “அது பாட்டுக்குக் கெடக்கட்டும்.” ஒருமுறை மயிலாப்பூரிலிருந்து கல்யாண ஜவுளிக்கு வந்த கூட்டத்தில் ஒரு மாமி, மதிய வேளையில், புடவை விரித்துக் காட்டும் வெள்ளை மெத்தையிலேயே சாய்ந்து தூங்கிவிட்டார். விற்பனைப் பெண்கள் விழித்தார்கள். மதினி உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். அவ்வளவுதான், மற்ற வாடிக்கையாளர்களுக்கு அந்த மாமியைச் சுற்றியே புடவைகளை விரித்தார்கள். விலை கேட்டவர்கள்கூடக் கிசுகிசுத்தார்கள். மாமி எழுந்தபோது அவர் காலடியில் ஒரு மயில்கழுத்துப் பட்டு கிடந்தது.

“ஐயையோ, நன்னா அசந்துட்டேனே! எழுப்பப்படாதோ?”

“தூங்குத ஆளை எழுப்புனா பாவம்லா” என்றார் மதினி. “இந்தக் கலரு உங்களுக்கு எடுப்பா இருக்கும், பாருங்க.”

மாமி அந்தப் பட்டையே வாங்கிக்கொண்டு போனார்.

ஏன் இப்படி என்று பலர் அவரிடம் கேட்டிருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு காரணம் சொல்வார். மாமியிடம் பாவம் என்றார். என் அம்மாவிடம், தனக்குக் கல்யாணமான புதிதில் மேற்கு மாம்பலத்தில் வாடகைக்கு இருந்தபோது கருவாடு வறுத்ததற்காக வீட்டு உரிமையாளர் சட்டியோடு வெளியே போகச் சொன்ன கதையைச் சொன்னார். நான் கேட்டபோது, “நாக்கு வரமாட்டேங்கு, அவ்ளோதாம்ளா” என்றார். எது உண்மையென்று எனக்கு இன்றுவரை தெரியாது. மூன்றும் உண்மையாக இருக்கலாம்.

என் அம்மா அந்தக் கடை வாசலில் பூ விற்றார். வாசலின் இடது ஓரத்தில், பெயர்ப்பலகைக்கு நேர் கீழே, ஒரு முக்காலியில் கூடையை வைத்துக்கொண்டு. அந்தத் தெருவில் பூக்கூடை வைக்க இடம் பிடிப்பது சாதாரண விஷயமில்லை. ஒரு கடையிலிருந்து விரட்டினால் அடுத்த கடை, அங்கிருந்து விரட்டினால் சிக்னல் ஓரம். மதினி கடை வாசலுக்கு வந்தபிறகு அம்மா இடம் மாறவே இல்லை. கோட்டூர்புரம் குடியிருப்பில் எங்கள் வீடு ஒரே அறை. அங்கே என் தம்பிகள் போடும் சத்தத்தில் படிக்க முடியாது. அதனால் பள்ளி விட்டதும் நேராகக் கடைக்கு வந்து, மாடிப்படிக்கு அடியில் அட்டைப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப்போட்டுப் படிப்பேன். முதல் நாளே காவலாளி என்னைக் கிளப்பப் பார்த்தார். உள்ளேயிருந்து அதே குரல்: “படிக்குத புள்ள, கெடக்கட்டும்.” பத்தாம் வகுப்பையும் பன்னிரண்டாம் வகுப்பையும் நான் அங்கேதான் தாண்டினேன். எனக்கு யாரும் பாடம் சொல்லித்தரவில்லை. மதினியும் என் புத்தகத்தை எட்டிப் பார்த்ததில்லை. என்னை எழுப்பாமல் விட்டார். எனக்கு அது போதுமாக இருந்தது.

மைனாக்கள் வந்தது நான் பட்டயப் படிப்புக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில். கடையின் முகப்பைப் புதுப்பித்து, பழைய சுவரும் சன்னல்களும் தெரியாதபடி பளபளக்கும் தகடுகளால் மூடி, அதன்மேல் ஆள் உயர எழுத்துகளில் பெயரை நிறுத்தினார்கள். எழுத்துகளுக்குள் விளக்கு. மாலையானால் தெருக்கோடி வரை தெரியும். தகடுகளின் மேல்விளிம்பில் விட்டுப்போன ஒரு சந்து வழியாக ஒரு ஜோடி மைனா உள்ளே போய், ஓர் எழுத்தின் முதுகில் கூடு கட்டியது.

கொஞ்ச நாளில் அந்த எழுத்து மினுக்மினுக்கென்று துடித்தது. எலக்ட்ரீஷியன் மேலே ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினார்.

“உள்ள கூடு கீது மதினி. வயரு மேலயே கட்டிகினு கீது. எடுத்து கடாசிட்டா சரியாப் பூடும்.”

“முட்டை இருக்கா?”

“கீதே.”

“அப்பம் அந்த எழுத்தை மட்டும் அணைச்சிருங்க.”

“இன்னா மதினி, கடை பேரு ஓட்டையா தெரியுமே!”

“தெரிஞ்சா தெரியட்டும். பேரு நமக்குத் தெரியும்லா.”

அன்றிலிருந்து அந்தக் கடைக்கு வழி சொல்பவர்கள், “ஒரு எழுத்து எரியாது பாரு, அந்தக் கடை” என்றே சொன்னார்கள். ஆட்டோக்காரர்களுக்கும் அதுவே அடையாளம். மதினிக்கு அதில் பெருமைதான். கடையில் பறவை கூடு கட்டினால் லட்சுமி வந்து உட்கார்ந்த மாதிரி என்பது அவர்கள் பக்கத்து நம்பிக்கை. சின்ன முதலாளிக்கும் அந்த நம்பிக்கை உண்டு. எனக்கும் அப்போது அந்தக் கதை பிடித்திருந்தது. வகுப்பில்கூடச் சொல்லியிருக்கிறேன்.

அதே கடைக்குச் சோதனை செய்ய என்னையே அனுப்புவார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆடி பிறந்திருந்தது. காலையிலிருந்தே கூட்டம். அம்மாவுக்குப் பெருமையும் பயமும் ஒன்றாக வந்துவிட்டன. பூக்கட்டுவதை நிறுத்தாமலே என் கையைப் பிடித்து இழுத்துச் சொன்னார்:

“இந்தாமே, உள்ள போயி சட்டம் கிட்டம் பேசாத. அந்தம்மா நம்மள ஒரு நாளு எந்திரின்னு சொல்லிகீதா? நெனப்புல வெச்சுக்கோ.”

நினைப்பில் இருந்தது. அதனால்தான் எல்லாவற்றையும் இருமடங்கு கவனமாகப் பார்த்தேன். பின்பக்கப் படிக்கட்டில், ஆபத்து நேரத்தில் ஆட்கள் இறங்கவேண்டிய வழியில், புடவைக்கு ஃபால்ஸ் தைக்கும் ஒருவர் தையல் மெஷினோடு உட்கார்ந்திருந்தார். எத்தனையோ வருடங்களாக அங்கேதான் இருக்கிறாராம், மதினி எழுப்பவில்லை. சிறுவயதில் அவரைத் தாண்டி ஓடியிருக்கிறேன். அன்று முதல்முறையாக, அந்தப் படியில் ஒரே நேரத்தில் நூறு பேர் இறங்கினால் என்ன ஆகும் என்று யோசித்தேன். அந்தக் குணத்துக்கு இப்படியும் ஒரு முகம் இருப்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

இரண்டாவது மாடிக் கிடங்கில் பழைய காலத்துச் சன்னல் ஒன்று இருந்தது. முகப்புத் தகடுகளால் மூடப்பட்ட பிறகு அதற்கு வெளிச்சமோ காற்றோ கிடையாது. திறந்தால் தகட்டுக்கும் சுவருக்கும் நடுவே இருக்கும் இருட்டு இடைவெளி. பெயர்ப்பலகையைத் தாங்கும் இரும்புச் சட்டங்கள் அதில் ஓடின. தாழ்ப்பாள் சுலபமாக விலகியது. அடிக்கடி யாரோ திறக்கிறார்கள் என்று புரிந்தது. டார்ச் அடித்தேன்.

கூடு ஒன்றல்ல, பல; விளக்கு எரிகிற எழுத்துகளின் முதுகிலும் இருந்தன. அதைக்கூட எதிர்பார்த்திருந்தேன். சட்டங்களின்மேல் வரிசையாகப் புடவை அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்ததைத்தான் எதிர்பார்க்கவில்லை. கடையின் பெயர் அச்சடித்த, சிவப்புநிற, கல்யாணப் பட்டு வைக்கும் பெட்டிகள். மூடியில்லாமல். உள்ளே வைக்கோல், தேங்காய் நார், நூல் கழிவு, பாலிதீன், ஜரிகை இழை. பழைய பெட்டிகள் நசுங்கிக் கீழே கிடக்க, அவற்றின்மேல் புதியவை. எழுத்துகளுக்கு மின்சாரம் போகும் வயர்கள் அவற்றின் நடுவே புகுந்து ஓடின. விளக்கோடு இணைந்த ஒரு சின்ன இரும்புப் பெட்டியைக் கூடு முழுவதுமாகப் போர்த்தியிருந்தது. அந்தப் பெட்டி சூடாகும். சூடு வெளியே போக வழி வேண்டும். வழியில்லாததால் அதைத் தொட்டுக்கொண்டிருந்த அட்டையின் மூலை தீய்ந்து, கறுத்து, விரல் பட்டதும் பொடியாக உதிர்ந்தது. உதிராத ஒரு துண்டைப் பிய்த்து எடுத்துக்கொண்டேன். பக்கத்துப் பெட்டியில் மைனாக் குஞ்சுகள் வாயைப் பிளந்துகொண்டு கத்தின.

எனக்குக் கீழே, அந்தத் தகடுகளின் அடியில், தெருவின் இரைச்சல் கேட்டது. அதில் அம்மாவின் குரலும் இருந்தது: “மல்லி, முல்லை, சாதி...”

நான் தரைத்தளத்துக்கு இறங்கி, பெயர்ப்பலகையில் உள்ள கூடுகளால் எந்த நேரமும் தீப்பிடிக்கலாம் என்று சின்ன முதலாளியிடம் சொன்னேன். அப்போதுதான் அவர் கடை முழுக்கக் கேட்கும்படி அந்தக் கேலியைச் சொன்னார். அம்மா வாசலிலிருந்து என்னையே பார்த்தார். அந்தப் பார்வையில் ‘விட்டுடுமே’ என்று இருந்தது.

நான் மதினியிடம் போனேன். கறுத்த அட்டைத் துண்டை அவர் கையில் வைத்தேன்.

“மதினி, அந்தப் பெட்டியெல்லாம் யாரு வச்சது?”

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நாந்தாம்ளா. குஞ்சு கீழ விழுந்துரும்னு மொத வருசம் ஒண்ணு வச்சேன். அதுவளுக்குப் புடிச்சுப் போச்சு. வருசா வருசம் வைப்பேன்.” கொஞ்சம் தயங்கி, “மழைக்காலத்துக்குக் கதகதப்பா இருக்கட்டும்னு லைட்டை ஒட்டித்தான் வச்சேன்” என்றார்.

தீ விபத்துகளைப் பற்றி நான் படித்த எந்தப் பாடத்திலும் இப்படி ஒரு காரணம் இல்லை. பறவை கொண்டுவந்தது இரண்டு கைப்பிடி வைக்கோல். மிச்சத்தையெல்லாம் கொண்டுவந்தது மதினியின் இரக்கம். ஜவுளிக்கடைக்காரரைத் தவிர வேறு யாராலும் அந்தத் தவறைச் செய்திருக்க முடியாது. வேறு யாரிடம் அவ்வளவு அட்டைப்பெட்டி இருக்கும்?

“மேல வந்து பாருங்க” என்றேன்.

மூட்டுவலிக்காரர், இரண்டு மாடியும் நின்று நின்று ஏறிவந்தார். சின்ன முதலாளியும் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் வந்தார். சன்னல் வழியாக மதினி உற்றுப் பார்த்தார். தீய்ந்த இடத்தைக் காட்டினேன். அவர் முதலில் கேட்டது கடையைப் பற்றியல்ல.

“குஞ்சுக்குச் சுட்டிருக்குமோ?”

“இன்னும் சுடலை. ஆனா இது பத்திக்கிச்சுன்னா தகடு பூரா ஏறும் மதினி. உள்ளே சீலை. ரெண்டு மாடியிலயும் ஜனம். போர்டுக்கு நேர் கீழே அம்மா.”

“அதெல்லாம் ஆவாது” என்றார் சின்ன முதலாளி. “இத்தன வருசம் ஆவலைல்லா?”

“இத்தனை வருஷம் ஆகாதது அதிர்ஷ்டம் சார். அதை நம்பி நான் கையெழுத்துப் போடமாட்டேன்.”

எனக்கே என் குரல் புதிதாக இருந்தது.

“அப்பம் இன்னைக்கே ஆளைவிட்டு எல்லாத்தையும் வழிச்சுப் போட்டுர வேண்டியதுதான்” என்று அவர் கையை வீசினார். வேலை எளிதாக முடிந்தது என்ற நிம்மதி அவர் முகத்தில்.

மதினி சன்னலை மறித்துக்கொண்டு நின்றார். இடுப்பில் செருகிய முந்தானை, சாணிப் பச்சைப் புடவை, ஒரு கை சன்னல் கம்பியில். எங்கள் நிறுவன அறிக்கையில் இதற்கு ஒரே வரிதான் உண்டு: ‘கூடுகளை உடனே அகற்றவும்.’ அதை எழுதிக் கொடுத்துவிட்டு நான் போயிருக்கலாம். ஆனால் எழுதினால் மதினி கேட்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். காகிதம் கல்லாவில் இருக்கும். கூடு போர்டில் இருக்கும். வயரில் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். அதைத் தடுப்பதுதான் என் வேலை.

“மதினி, குஞ்சு பறக்குற வரைக்கும் கூடு இருக்கலாம். காலிப் பெட்டியெல்லாம் இப்பவே வெளியே வரணும். ஆனா கூடும் கரண்டும் ஒண்ணா இருக்கக் கூடாது. ரெண்டுல ஒண்ணுதான்.”

அவர் குஞ்சுகளைப் பார்த்தார். வயரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“அப்பம் கரண்டை எந்திரிக்கச் சொல்லு.”

அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் அன்றுதான் முதல்முறை கேட்டேன்.

சின்ன முதலாளி குதித்தார். “மதினி, வெளையாடுதியளா? ஆடி மாசத்துல போர்டை அணைச்சா கடையை மூடிட்டாவன்னுல்லா நெனைப்பாவ! எதிர்க் கடைக்காரன் சிரிப்பான்.”

“சிரிக்கட்டும். நம்ம கடை வாசல்ல நான் இருக்கேன்லா. மூடலைன்னு நான் சொல்லுதேன்.”

“ஒரு மைனாவுக்காவ...”

“மைனாவுக்கு மட்டுமா? பூக்காரி கீழ இருக்கா. கேட்டேர்லா?”

எலக்ட்ரீஷியன் வந்து முகப்புக்குப் போகும் மின்சாரத்தை மொத்தமாகத் துண்டித்தார். ஓர் எழுத்து மட்டுமல்ல, முழுப் பெயரும் இருண்டது. காலிப் பெட்டிகளை மதினியே சன்னல் வழியாக ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். விற்பனைப் பெண்கள் வாங்கி வாங்கிக் கீழே இறக்கினார்கள். “மதினி, இதுல சேலை ஏதும் இருக்கா?” என்று ஒருத்தி கேட்க, “இருந்தா நீயே கட்டிக்கோ” என்றார். குஞ்சுகள் இருந்த பெட்டியை மட்டும் தொடவில்லை.

அந்த ஆடி முழுக்கத் தெருவே வெளிச்சத்தில் மிதக்க, நடுவில் அந்தக் கடையின் முகப்பு மட்டும் விழுந்த பல் மாதிரி இருண்டு கிடந்தது. மாலையில் மதினி வாசலில், அம்மாவின் கூடைக்குப் பக்கத்தில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். போகிற வருகிறவர்களிடம், “வாங்க, கடை இருக்கு, உள்ள வாங்க” என்பார். “ஏன் லைட் இல்ல?” என்று கேட்டவர்களுக்கெல்லாம் மேலே கைகாட்டி, “புள்ளையள் இருக்கு” என்பார். அவர்கள் குழம்பிப்போய் உள்ளே வந்து, என்ன பிள்ளை என்று கேட்டு, கதை கேட்டு, சிலர் புடவையும் எடுத்தார்கள். அதற்காக வியாபாரம் அமோகமாக நடந்தது என்று நான் சொல்லமாட்டேன். மாலைக் கூட்டத்தில் ஒரு பகுதி வெளிச்சமான கடைகளுக்குத்தான் போனது. சின்ன முதலாளி ஆடி முடியும்வரை என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

அம்மாதான் மாறிப்போனார். யாராவது பூ வாங்க நின்றால் போதும்: “மேல லைட்டு ஏன் இல்ல தெரியுமா? என் பொண்ணு நிறுத்தச் சொல்லிகீறா. ஆபீசரு.” நான் ஆபீசர் இல்லை என்று எத்தனை முறை சொல்லியும் கேட்கவில்லை.

ஒருநாள் குஞ்சுகள் பறந்தன. மதினி எனக்குத் தொலைபேசியில் சொன்னது இரண்டே வார்த்தை: “ரூம் காலி.” அதன்பின் முகப்புத் தகடுகளைக் கழற்றினார்கள். உள்ளேயிருந்து சாக்குச் சாக்காக வைக்கோலும் நூலும் சரிந்தன. சின்ன முதலாளி கிட்டே வந்து குனிந்து பார்த்தார். பிறகு, தகட்டுக்குள் தீய்ந்து கிடந்த இன்னும் இரண்டு இடங்களை அவரே விரலால் தொட்டுக் காட்டி, “இதை நீ பாத்தியாம்மா?” என்று கேட்டார். நான் பார்க்கவில்லை, சன்னலிலிருந்து அவை தெரியாது. அப்படியே சொன்னேன். வயர்களை இரும்புக் குழாய்க்குள் போடச் சொன்னதும், மேல்விளிம்பில் கம்பிவலை அடிக்கச் சொன்னதும் அவர்தான். ஃபால்ஸ் தைப்பவரும் தரைத்தளத்துக்கு இறங்கிவந்தார். மதினி அவரை எழுப்பவில்லை. கீழே நல்ல வெளிச்சமான மூலையில் புது முக்காலி ஒன்றைப் போட்டு, அது சும்மா கிடக்கிறதே என்று இரண்டு நாள் அவர் காதுபடப் புலம்பினார்.

மைனாக்களுக்காகக் கடையின் பின்சுவரில், வயரே இல்லாத இடமாகப் பார்த்து, மண்பானைகளைக் கட்டித் தொங்கவிட்டார். அடுத்த வருடம் மைனாக்கள் அந்தப் பானைகளைத் திரும்பியும் பார்க்கவில்லை. அணில்கள் குடியேறின. “கெடக்கட்டும்” என்றார்.

அதற்குப்பின் குடும்பத்தில் கடையைப் பங்கு பிரித்தார்கள். மதினி தன் பங்கைச் சின்ன முதலாளியிடமே விட்டுவிட்டு ஊருக்குப் போனார். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நான் அதைப்பற்றி அவரிடம் கேட்கவில்லை. எப்போதாவது தொலைபேசியில் பேசுவோம். கடைசியாகப் பேசியபோது அம்மாவின் முட்டிவலியை விசாரித்தார். பிறகு:

“ஏளா, அந்த மைனா இப்பம் எங்க இருக்கு?”

“எதிர்க் கடை போர்டுக்குப் போயிடுச்சு மதினி.”

முன்பு இருந்த மதினி என்றால், நல்லது, எங்காவது இருக்கட்டும் என்று சொல்லியிருப்பார். அன்று அவர் குரல் கூர்மையானது.

“அங்க வயரு எப்படி? பாத்தியா?”

“அது எங்க கம்பெனிகிட்ட வர்ற கடை இல்ல மதினி. அவங்க கூப்பிட்டாதான் நான் போகமுடியும்.”

“கூப்பிட்டாத்தான் போவியா? தீ ஒன்னைக் கூப்பிட்டுக்கிட்டா வரும்?”

கொஞ்ச மாதம் கழித்து அந்த எண்ணை அழைத்தபோது வேறு யாரோ எடுத்தார்கள். மதினியைத் தெரியாது என்றார்கள்.

ஆனால் அந்தக் கேள்வியை நான் விடவில்லை. ஒரு கட்டடத்துக்கு வலை அடித்தால் பறவை அடுத்த கட்டடத்துக்குப் போகிறது. ஆபத்தும் கூடவே போகிறது. ஒரு கடையை மட்டும் சோதிப்பது ஓட்டைப் பானையில் ஒரு ஓட்டையை மட்டும் அடைப்பது மாதிரி. தெரு முழுக்க ஒரே சமயத்தில், கூடு கட்டும் பருவத்துக்கு முன்பே அடைக்க வேண்டும். பறவைக்கு வயர் இல்லாத இடமும் காட்ட வேண்டும். அழைத்தால்தான் போவேன் என்ற வேலையை விட்டேன். என்னைப் போலப் படித்த இரண்டு பெண்களைச் சேர்த்துக்கொண்டு நானே தொடங்கினேன். போன தை மாதம் முழுக்க அந்தத் தெருவில் கடை கடையாக ஏறி இறங்கினேன். சின்ன முதலாளி தன் கடைக்கு வந்த வியாபாரிகளிடம் எனக்காகப் பேசினார். பலர் சம்மதித்தார்கள். எதிர்க் கடைக்காரர் மட்டும், சரி என்று தலையாட்டிவிட்டு, நாளைத் தள்ளிக்கொண்டே இழுத்தடித்தார்.

இன்று காலை அவர் கடைக்கு ஏணியோடு போனேன். மாசி பிறந்துவிட்டது, மைனாக்கள் அலகில் வைக்கோலோடு விளிம்பில் உட்கார ஆரம்பித்துவிட்டன; முட்டை வந்துவிட்டால் பிறகு கை வைக்க முடியாது.

“பங்குனி கழியட்டும்மா, பார்த்துக்கலாம்” என்றார் அவர், ஏணியின் அடியில் நின்று.

நான் அப்போது இடுப்பில் பெல்ட் மாட்டி மேலே ஏறியிருந்தேன். முகப்புக்குப் போகும் மின்சாரத்தை என் தோழி நிறுத்திவிட்டாள். முதல் தகட்டின் முதல் திருகைக் கழற்றி, பாதி ஏணி இறங்கிக் குனிந்து, அவருடைய உள்ளங்கையில் வைத்தேன்.